சிந்தனைக் குலைவை அளக்கும் வினாநிரல்களும் எல்லைத் தமிழும்: நம்பகச் சோதனையின் வரலாறு குறித்து ஓர் ஆய்வு

1. முன்னுரை

ஒருவருடைய சிந்தனை ஒழுங்காக இயங்குகிறதா, குலைந்துள்ளதா என்பதை அறிய மருத்துவருக்கு உள்ள முதன்மையான வாயில் அவருடைய பேச்சே ஆகும். குருதியைச் சோதித்தோ மூளையைப் படமெடுத்தோ இதனை உறுதிசெய்யும் முறை இன்றளவும் வழக்கில் இல்லை. இத்துறையின் அளவுகோல்கள் யாவும் வினாக்களாலும் விடைகளாலும் ஆனவை. அதாவது, மொழியால் ஆனவை. எனவே அவற்றின் நம்பகத்தைச் சோதிப்பதில் மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் பங்கு உண்டு. ஆனால் நடைமுறையில் அப்பங்கு பெரும்பாலும் சொல்லுக்குச் சொல் ஈடு தருவதோடு நின்றுவிட்டது.

சிந்தனைக் குலைவை அளக்கும் கருவிகளின் நம்பகச் சோதனை எவ்வாறு வளர்ந்தது, அது தமிழ் வழங்கும் பகுதிகளை எவ்வழியாக வந்தடைந்தது என்பதை இக்கட்டுரை முதற்கண் தொகுத்துரைக்கிறது. பின்னர், பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப் பகுதிகளில் வழங்கும் தமிழை உரைகல்லாகக் கொண்டு அச்சோதனைகளின் போதாமையைச் சுட்டுகிறது. நம்பகக் கெழு உயர்ந்திருப்பது மொழிபெயர்ப்பு செம்மையானது என்பதற்குச் சான்றாகாது. சில வேளைகளில் மொழிபெயர்ப்பின் குறையே அக்கெழுவை உயர்த்திவிடும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

2. எல்லைப் பகுதியின் மொழிச்சூழல்

இன்றைய பாலக்காடு மாவட்டத்தின் பெரும்பகுதி 1956 வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. அதன் கிழக்கேயுள்ள சித்தூர் வட்டமோ கொச்சி அரசுக்கு உரியதாக இருந்தது. தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் திருவிதாங்கூருக்கு உரியவை. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழி சீரமைக்கப்பட்டபோது, தமிழர் மிகுதியாக வாழ்ந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. இடுக்கி மாவட்டம் 1972 ஜனவரி 26 அன்று உருவாயிற்று.

இப்பகுதித் தமிழ் ஒருபடித்தானது அன்று. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து உழவர் தமிழ் கொங்குத் தமிழோடு நெருங்கியது. மூணாற்றுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் முன்னோர் கங்காணிகள் வழியாகத் திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரைப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். அவர்தம் தமிழ் தென்பகுதி வழக்கைச் சார்ந்தது. கல்பாத்தி முதலிய அக்கிரகாரங்களின் தமிழ் வேறொரு கிளை. அட்டப்பாடியின் இருளர், முடுகர், குறும்பர் மொழிகளும், இடுக்கி மலைகளின் முதுவர், மன்னான் மொழிகளும் தமிழோடு நெருங்கிய உறவுடையன. இருளமொழியைத் தனிமொழியாக விரிவாக ஆராய்ந்தோருள் கமில் சுவலபில் குறிப்பிடத்தக்கவர். இவ்வனைத்தின் மீதும் பள்ளி, அலுவலகம், மருத்துவமனை ஆகியவற்றின் மொழியாக மலையாளம் படிந்துள்ளது.

2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண் தொழிலாளர் நடத்திய போராட்டம் 'பெம்பிளை ஒருமை' என்னும் பெயரால் அறியப்பட்டது. இலக்கணம் கற்றோருக்கு 'ஒருமை' முதலில் எண்ணைக் குறிக்கும். அப்பெண்களோ அதனை ஒற்றுமை என்னும் பொருளில் வழங்கினர்; மலையாள 'ஒரும' அப்பொருளுக்கு அருகில் நிற்கிறது. எல்லைத் தமிழ் குழப்பமான தமிழ் அன்று. தனக்கென ஒழுங்குடைய தமிழ் என்பதற்கு இப்பெயர் தக்க சான்று.

3. அளவுகோல்களின் வரலாறு

3.1 நம்பகம் என்னும் கருத்து

1911இல் யூஜென் பிளாய்லர் உளச்சிதைவு நோய்க்குரிய அடிப்படைக் கூறுகளுள் ஒன்றாக எண்ணத் தொடர்புகளின் தளர்ச்சியைக் கூறினார். ஆயினும் 'தளர்ச்சி' எவ்வளவு என்பதை இரு மருத்துவர் ஒரேமாதிரி கணிக்க வழியில்லாதிருந்தது. அளவையின் நம்பகம் என்னும் கருத்து வேறொரு துறையில் வளர்ந்தது. 1910இல் சார்லஸ் ஸ்பியர்மனும் வில்லியம் பிரவுனும் தனித்தனியே வெளியிட்ட வாய்பாடு, ஒரு சோதனையின் வினாக்கள் பெருகப் பெருக நம்பகம் உயர்வதைக் காட்டியது. 1951இல் லீ கிரான்பாக் வினாக்களின் உள்ளிணக்கத்தை அளக்கும் ஆல்ஃபாக் கெழுவை விளக்கினார். 1960இல் ஜேகப் கோஹென், இரு மதிப்பீட்டாளரின் உடன்பாட்டிலிருந்து தற்செயலான உடன்பாட்டைக் கழித்துக் காணும் கப்பாக் கெழுவைத் தந்தார். மறுசோதனை, உள்ளிணக்கம், மதிப்பீட்டாளர் உடன்பாடு ஆகிய மூன்றுமே இன்றும் நம்பகச் சோதனையின் தூண்கள்.

3.2 பன்மொழி ஆய்வுகள்

ஒரே மொழி பேசும் மருத்துவரும் வேறுபடுவர் என்பதை 1972இல் வெளியான அமெரிக்க-பிரித்தானிய ஒப்பாய்வு காட்டியது. ஒத்த நோயாளரை நியூயார்க் மருத்துவர் இலண்டன் மருத்துவரைவிட மிகுதியாக உளச்சிதைவு நோயாளர் எனக் கணித்தனர். இதற்குத் தீர்வாகக் கருதப்பட்டது, ஜான் விங் குழுவினர் வகுத்த 'நடப்பு உளநிலைத் தேர்வு' என்னும் கட்டமைந்த நேர்காணல். உலக நலவாழ்வு நிறுவனம் 1960களின் பிற்பகுதியில் ஒன்பது நாடுகளில் தொடங்கிய முன்னோடி ஆய்வில் இத்தேர்வு பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. 1,202 நோயாளரைக் கொண்ட அவ்வாய்வின் முதல் தொகுதி 1973இல் வெளிவந்தது. இந்தியாவிலிருந்து ஆக்ரா மட்டுமே பங்கேற்றமையால் பெயர்ப்பு இந்தியில் அமைந்தது. ஒரே மையத்து மருத்துவரிடையே கண்ட உடன்பாடு மையங்களுக்கிடையே அந்த அளவு அமையவில்லை என்பது மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கது.

ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970இல் மீள்மொழிபெயர்ப்பு முறையை நெறிப்படுத்தினார். அதே ஆண்டில் வெர்னரும் கேம்ப்பெலும், மூலமொழியையே மையமாகக் கொள்ளாது இருமொழிக்கும் பொருந்த மூல வினாவையும் திருத்தும் மையநீக்க முறையை முன்வைத்தனர். முதல்முறை எங்கும் பரவியது. இரண்டாவது முறைக்குக் காலமும் உழைப்பும் மிகுதியாக வேண்டியிருந்தமையால் அருகியே நின்றது.

3.3 திராவிட மொழிப் பகுதிகளில்

தென்கன்னடக் கடற்கரை ஊராகிய கோட்டாவில் கார்ஸ்டேர்ஸும் கபூரும் நடத்திய ஆய்வு 1976இல் நூலாயிற்று. மேலைநாட்டு வினாநிரலைப் பெயர்ப்பதற்கு மாறாக, இந்திய நோயாளர் கூறும் முறைப்பாடுகளைக் கொண்டே கருவி அமைக்கும் முயற்சி அதில் இருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 1980களில் சென்னை, வேலூர், லக்னோ ஆகிய மையங்களில் உளச்சிதைவு நோயின் போக்கை ஆராய்ந்தது. சென்னையில் முதன்முறை நோயுற்ற 90 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு இதன் கிளையாகும். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் பன்னிரு வினாக்கள் கொண்ட பொது நலவாழ்வு வினாநிரலின் தமிழ் வடிவத்தைச் சோதித்து 1999இல் வெளியிட்டனர். அது பொதுவான மனத்துயரை அளப்பது, சிந்தனைக் குலைவை அன்று. எனினும் தமிழ் வடிவம் ஒன்று முறையாகச் சோதிக்கப்பட்டதற்கு எடுத்துக்காட்டு.

இவற்றுள் தமிழைச் சார்ந்தவை தமிழ்நாட்டுத் தமிழருக்கு உரியவை. எல்லைக்கு மேற்கே இத்தமிழ் வடிவங்களையே எடுத்தாளலாம் என்றோ, மலையாள வடிவங்களே போதும் என்றோ கொள்ளுதல் எளிது. அவ்விரு கொள்கைகளும் ஆராயத்தக்கன.

4. மொழியியலாரின் விவாதம்

1974இல் எலெய்ன் சைக்கா, உளச்சிதைவு நோயாளரின் பேச்சில் மொழித்திறனே இடையிடையே பழுதுபடுகிறது என வாதிட்டார். 1975இல் விக்டோரியா ஃப்ராம்கின், சைக்கா காட்டிய பிறழ்ச்சிகளுள் பல நலமுற்றோரின் நாப்பிழைகளிலும் காணப்படுபவை எனவும், எஞ்சியவை மொழியின் குறையல்ல, சிந்தனையின் குறை எனவும் மறுத்தார். 1979இல் நான்சி ஆண்ட்ரியசன், சிந்தனையை நேரே காண இயலாது, காணக்கூடியது மொழியும் தொடர்பாடலுமே எனக் கொண்டு அளவுகோல் ஒன்றை அமைத்தார். தடம்புரளல், தொடர்பின்மை, புதுச்சொல்லாக்கம், தோராயச் சொல், ஒலியியைபால் சொல் தொடுத்தல், எதிரொலித்தல் முதலிய பதினெட்டுக் கூறுகள் அதில் வரையறுக்கப்பட்டன. பெரும்பாலான கூறுகளில் மதிப்பீட்டாளர் உடன்பாடு நன்கு அமைந்தது. அரிதாக வரும் சில கூறுகளில் குறைந்தது.

அக்கூறுகளுள் பல சொல்லளவில் நிகழ்பவை. எது புதுச்சொல், எது வட்டாரச் சொல் என்று தீர்ப்பதற்கு மதிப்பீட்டாளர் பேசுவோரின் வழக்கை அறிந்திருத்தல் வேண்டும். ஒருமொழிச் சமுதாயத்தில் இஃது இயல்பாக அமையும். எல்லைப் பகுதியில் அவ்வாறு அமைவதில்லை.

5. கெழுக்கள் கூறுவதும் கூறாததும்

5.1 கப்பா. கற்பிதமாக ஒரு கணக்கைக் காண்போம். நூறு பேரை இருவர் தனித்தனியே மதிப்பிடுகின்றனர். 'சிந்தனையில் இடையீடு உண்டு' என இருவரும் 2 பேரைக் குறிக்கின்றனர். 94 பேருக்கு இருவரும் 'இல்லை' என்கின்றனர். எஞ்சிய 4 பேரில் ஒவ்வொருவரும் வெவ்வேறு 2 பேரைக் குறிக்கின்றனர். உடன்பாடு நூற்றுக்கு 96. தற்செயலாகவே எதிர்பார்க்கத்தக்க உடன்பாடு 92.32. எனவே கப்பா ஏறத்தாழ 0.48 மட்டுமே. அரிதான கூறுகளில் நூற்றுவிகிதம் எவ்வளவு மயக்கும் என்பது இதனால் விளங்கும். இதற்கு மறுதலையும் உண்டு. இரு மதிப்பீட்டாளரும் மலையாளமே அறிந்தவராயின், தமிழ்ச் சொல் ஒன்றை இருவரும் ஒரேமாதிரி தவறாகக் கொள்வர். கப்பா உயரும், தவறு மறையும்.

5.2 ஆல்ஃபா. மூலத்தில் படபடப்பு, இறுக்கம், கவலை, அச்சம் என நான்கு வினாக்கள் இருப்பதாகக் கொள்வோம். பெயர்ப்பாளர் நான்கினையும் 'கவலை' என்னும் சொல்லைச் சுற்றியே அமைத்துவிடின், விடைகள் ஒன்றையொன்று ஒத்து ஆல்ஃபா உயரும். பொருள் வேறுபாட்டை அழித்த பெயர்ப்பு, கெழுவின் பார்வையில் சிறந்த பெயர்ப்பாகிவிடுகிறது.

5.3 மறுசோதனை. இவ்வகையில் பேனிஸ்டரும் ஃப்ரான்செல்லாவும் 1966இல் வெளியிட்ட கட்டச் சோதனை தனிக் கவனத்துக்கு உரியது. அறிமுகமற்ற எண்மரின் நிழற்படங்களைக் காட்டி, ஆறு பண்புகளைக் கொண்டு அவர்களை வரிசைப்படுத்தச் சொல்லுவர். உடனே மறுமுறையும் செய்விப்பர். பண்புகளிடையே உள்ள உறவின் இறுக்கமும், இருமுறையும் அவ்வுறவு மாறாதிருக்கும் நிலைமையும் அளக்கப்படும். இவை இரண்டும் தளர்ந்திருப்பதே சிந்தனைக் குலைவின் அடையாளம். பிற சோதனைகளில் கருவியின் குறையாகக் கருதப்படும் நிலையின்மை, இங்கு நோயின் அளவாக மாறுகிறது.

அப்பண்புகளுள் இரண்டு, வாய்மையோடு நடத்தலையும் உள்ளார்ந்த ஈடுபாட்டையும் குறிக்கும் ஆங்கிலப் பெயரடைகள். தமிழில் இரண்டனையும் 'நேர்மை' எனப் பெயர்க்கும் வாய்ப்பு மிகுதி. அவ்வாறு பெயர்த்தால் அவ்விரு பண்புகளின் வரிசைகள் தாமே ஒத்துவரும். சிந்தனை குலைந்தவரும் இறுக்கமான உறவு உடையவராகத் தோன்றுவார். மாறாக, ஒன்றினைப் பேச்சில் வழங்காத 'உளத்தூய்மை' எனப் பெயர்த்தால், அச்சொல்லை அறியாத தோட்டத் தொழிலாளி இருமுறையும் வெவ்வேறாக வரிசைப்படுத்தக்கூடும். நலமுற்றவர் நோயுற்றவராகத் தோன்றுவார். ஒரே சொல்லின் தேர்வு இருதிசையிலும் பிழை விளைக்க வல்லது.

6. எல்லைத் தமிழில் சோதனை

6.1 போலி ஒப்புமைகள். 'விகாரம்' மலையாளத்தில் உணர்ச்சி. தமிழில் அழகின்மை, திரிபு. 'சம்சாரம்' மலையாளத்தில் பேச்சு; தமிழ்ப் பேச்சு வழக்கில் மனைவி அல்லது குடும்பம். 'அவசரம்' மலையாளத்தில் வாய்ப்பு, தமிழில் விரைவு. 'மயக்கம்' மலையாளத்தில் பெரிதும் கண்ணயர்தல். தமிழில் தலைசுற்றல், நினைவிழத்தல். இவை எல்லாவற்றினும் இடர் மிக்கது 'புத்திமுட்டு'. மலையாளத்தில் அது வெறும் இடர்ப்பாடு, தொல்லை. எல்லைத் தமிழர் தம் பேச்சில் அச்சொல்லை அப்பொருளிலேயே இயல்பாக எடுத்தாளுவர். 'ரொம்ப புத்திமுட்டா இருக்குங்க' என்பவர் வறுமையையோ மலையேறும் தொல்லையையோ குறிக்கலாம். சென்னையில் பயின்ற நேர்காண்பவர் அதில் புத்தியைக் கேட்பார். மறுபுறம், தமிழரின் 'மயக்கம்' மலையாள மருத்துவரின் செவியில் தூக்கமாகிவிடும்.

6.2 இரட்டை வழக்கு. வினாநிரல் எழுத்துத் தமிழில் அச்சாகிறது. வினவப்படுவது பேச்சுத் தமிழில். 1980இல் வெளியான உலக நலவாழ்வு நிறுவன ஆய்வில் பயன்பட்ட தன்விவர வினாநிரலின் விரிந்த வடிவம் இருபது வினாக்களோடு உளநோய் குறித்த நான்கு வினாக்களையும் உடையது. எண்ணத்தில் பிறர் தலையிடுதல், புலப்படாத குரல் கேட்டல், பிறர் தீங்கு செய்ய முயலுதல் என்பவை அவற்றுள் அடங்கும். 'குரல்' எழுத்து வழக்கு. நேர்காண்பவர் ஒருவர் 'சத்தம் கேக்குதா?' எனவும், மற்றொருவர் 'யாரோ பேசுற மாதிரி கேக்குதா?' எனவும் மாற்றிக்கொள்ளுவர். முன்னதற்குக் காட்டோரத்தில் வாழும் எவரும் ஆம் என்பர். மலையாளத்தில் 'சப்தம்' ஓசையையும் குரலையும் குறிக்குமாதலால், மலையாள வடிவத்தில் நன்கு இயங்கும் வினா தமிழுக்கு வரும்போது பொருள் நழுவுகிறது. அச்சிட்ட வினாவின் நம்பகம் சோதிக்கப்பட்டது; கேட்கப்பட்ட வினாவின் நம்பகம் சோதிக்கப்படவில்லை.

6.3 எதிர்மறை வினா. 'தெளிவா யோசிக்க முடியலையா?' என்பதற்கு 'இல்லை' என்னும் விடை, 'முடியவில்லை' எனவும் 'அப்படி இல்லை' எனவும் இருபொருள்படும். 'ஆமாம்' என்பதும் அத்தகையதே. எதிர்மறையாகக் கேட்டு மதிப்பெண்ணைத் திருப்பிக் கணக்கிடும் வினாநிரல்களில் இது பெரும்பிழைக்கு இடமாகும்.

6.4 கேள்விவழிச் செய்தி. 'என்னைப் பத்திப் பேசினாங்களாம்' என்பதில் வரும் '-ஆம்' பிறர்வாய்க் கேட்டதைக் குறிக்கும் விகுதி. மலையாளத்தில் '-ஆம்' இயலுமையையும் இசைவையும் குறிப்பது. பிறர்வாய்ச் செய்திக்கு 'அத்ரே' போன்ற சொல் வரும். இவ்வேறுபாட்டை அறியாதவர், தமிழரின் எச்சரிக்கையான கூற்றை உறுதியான நம்பிக்கையாகப் பதிவுசெய்வர். ஐயுறவுப் பிறழ்ச்சி என்று குறிக்க அதுவே போதுமானதாகிவிடும்.

6.5 எதிரொலிச் சொற்கள். 'புலி கிலி', 'காப்பி கீப்பி' போன்ற அமைப்பினைத் தோடமொழியில் எமனோ 1938இல் ஆராய்ந்தார். 1956இல் இந்திய மொழிப்பரப்பின் பொதுக் கூறுகளைப் பற்றி எழுதினார். இது நலமுற்ற பேச்சின் இலக்கணக் கூறு. ஒலியியைபால் சொல் தொடுத்தல் என்னும் நோய்க்குறியோடு இதனை மயங்கக் கூடாது.

6.6 பழமொழி விளக்கம். உளநிலைத் தேர்வில் பழமொழிக்குப் பொருள் கேட்டு அருவச் சிந்தனையைக் கணிக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. 'யானைக்கும் அடி சறுக்கும்' என்பதைத் தமிழரும், 'அடி தெற்றியால் ஆனயும் வீழும்' என்பதை மலையாளியரும் அறிவர். தம் வடிவைக் கேட்பவர் மனப்பாடமான பொருளை உடனே கூறுவார். அயல் வடிவைக் கேட்பவர் யானையைப் பற்றியே பேசத் தொடங்கலாம். மறையூர், மூணாற்றுப் பகுதிகளில் யானை வீட்டு வாசலுக்கு வரும் விலங்கு என்பதும் நினைக்கத்தக்கது. அறிமுகமின்மை இங்கே பருமைச் சிந்தனையாகக் கணிக்கப்படுகிறது.

6.7 உண்மையும் பிறழ்ச்சியும். பிறர் தீங்கு செய்ய முயலுகின்றனரா என்னும் வினாவுக்கு, பணி ஓய்வுக்குப்பின் தோட்டத்துக் குடியிருப்பை விட்டுவெளியேற வேண்டிய தொழிலாளி ஆம் என்பது பிறழ்ச்சி ஆகாது. அவ்வாறே ஒடியன் உருமாறுவான் என்னும் பாலக்காட்டுப் பகுதி மரபை முதியோர் கூறுவது வாய்மொழி மரபே. தனிமனிதரின் சிந்தனைக் குலைவு அன்று.

7. மதிப்பெண்ணின் விளைவு

இவை ஏட்டளவில் நிற்கும் ஐயங்கள் அல்ல. உளநோயால் நேரும் இயலாமையை அளக்க இந்திய உளமருத்துவச் சங்கம் வகுத்த அளவுகோல் 2002 முதல் சான்றளிப்பில் பயன்பட்டு வருகிறது. தற்பேணல், பிறருடன் உறவு, தொடர்பாடலும் புரிதலும், பணி ஆகிய நான்கு கூறுகளுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் உண்டு. நோயின் கால அளவுக்கும் 1 முதல் 4 வரை சேர்த்து மொத்தம் 20. ஏழு மதிப்பெண் பெற்றால் நூற்றுக்கு நாற்பது இயலாமை எனக் கொள்ளப்படும். அதுவே சலுகைகளுக்கான வாயில். ஆறு பெற்றவர் அவ்வாயிலுக்கு வெளியே நிற்பார். 'தொடர்பாடலும் புரிதலும்' என்னும் கூறில் ஒரு மதிப்பெண் கூடுவதும் குறைவதும், எம்மொழியில் யார் யாரிடம் வினவினார் என்பதைச் சார்ந்திருக்குமாயின், மொழிபெயர்ப்பின் பிழை ஒருவருடைய மாத வருவாயைத் தீர்மானிக்கிறது. பிழை மறுதிசையில் நேர்ந்தால், நலமுற்ற ஒருவர் வாழ்நாள் முழுதும் நோயாளர் என்னும் பெயரைச் சுமப்பார்.

கேரளத்தில் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசோடு கடிதத் தொடர்பு கொள்ள 1969ஆம் ஆண்டு அலுவல் மொழிச் சட்டம் இடமளித்தது. 2017ஆம் ஆண்டு உளநலப் பேணல் சட்டம், நோயாளருக்கு அவர் புரிந்துகொள்ளும் மொழியில் செய்தி தரப்பட வேண்டும் என்கிறது. அவருக்குப் புரியும் மொழியில் செய்தி தருதல் ஒன்று; அவர் பேசும் மொழியை மதிப்பிடுவோர் புரிந்துகொள்ளுதல் மற்றொன்று. பின்னதைச் சட்டத்தால் மட்டும் பெற இயலாது.

8. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் பரிந்துரைகள் வருமாறு. முதலாவது, வினாநிரலின் அச்சு வடிவத்தோடு அதன் பேச்சு வடிவமும் வட்டாரந்தோறும் வரையறுத்துப் பதிவுசெய்யப்பட வேண்டும். இரண்டாவது, மதிப்பீட்டாளர் இணையில் ஒருவரேனும் அவ்வட்டாரத் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவராக இருத்தல் வேண்டும். இருவரும் ஒரே அயல்மொழியினராயின் அவர்தம் உடன்பாட்டைச் சான்றாகக் கொள்ளலாகாது. மூன்றாவது, கெழுக்களை மொத்தமாக வெளியிடாது, வினாவாரியாகவும் மொழிக் குழுவாரியாகவும் வெளியிட வேண்டும். நான்காவது, ஆல்ஃபா மூலத்தினும் உயர்ந்து காணப்படின், மகிழ்வதற்கு முன் பொருள் வேறுபாடுகள் அழிந்தனவா என ஆராய வேண்டும். ஐந்தாவது, மீள்மொழிபெயர்ப்போடு அமையாது, இருமொழியாளர் சிலரிடம் இருமொழி வடிவங்களையும் கொடுத்து விடைகளை ஒப்பிட வேண்டும். எல்லைப் பகுதியில் அத்தகைய இருமொழியாளருக்குக் குறைவில்லை.

நம்பகச் சோதனையின் வரலாறு, மருத்துவர் இருவர் ஒருவரோடொருவர் உடன்படுவதற்கான முயற்சியாகவே பெரிதும் இருந்து வந்துள்ளது. மருத்துவரும் நோயாளரும் ஒரு சொல்லின் பொருளில் உடன்படுகின்றனரா என்பதே அதற்கு முன்னர் கேட்கப்பட வேண்டிய வினா. அவ்வினாவை எழுப்புவதற்கான பயிற்சி மொழியியலாரிடமும் மொழிபெயர்ப்பாளரிடமும் உள்ளது. 'புத்திமுட்டு' என்று சொல்லிவரும் ஒருவருக்கு வேண்டியது மருந்தா, வேறு உதவியா என்று பிரித்தறிவதில் அப்பயிற்சி பயன்படுமாயின், அதுவே இத்துறை ஆற்றத்தக்க பணியாகும்.